புது விண்டோஸ் 11-இல் பழைய கணினியின் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை – திருவல்லிக்கேணி, சின்ன அச்சகம்

மைக்கறை – திங்கள், காலை 11:20

வணக்கம். நானும் தம்பியும் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், ஸ்டிக்கர், இப்படி. பில் போடும் கணினி விண்டோஸ் 7. அதைத் தூக்கிப் போட முடியாது, ஸ்டிக்கர் வெட்டும் ப்ளாட்டரின் டிரைவர் அதில் மட்டும்தான் ஓடுகிறது. எல்லா வேலைகளும் இருக்கும் 'வேலை' ஃபோல்டரும் அதில்தான். டிசைன் போடும் விண்டோஸ் 10 கணினி பல வருஷமாக அதைத் திறந்து எடுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

போன வாரம் விண்டோஸ் 11 ப்ரோ ஒன்று வாங்கினோம். அதில் நெட்வொர்க்கைத் திறந்தால் காலி. முகவரிப் பட்டியில் பில்லிங் கணினியின் பெயரை அடித்தால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தினர்களைத் தடுக்கிறது என்ற அர்த்தத்தில் நீளமாக ஒரு செய்தி வருகிறது. எங்கள் நிறுவனமே இரண்டு பேர்தான். இந்தக் கொள்கையை நானும் வகுக்கவில்லை, தம்பியும் வகுக்கவில்லை.

வாங்கின கடையில் கேட்டதற்கு "எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க" என்றார்கள் (எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிரும் முறை, 1 அதன் பழைய பதிப்பு). பண்ணியாயிற்று, பலன் இல்லை. மாடியில் தம்பியின் லேப்டாப்பில் கதை வேறு: அங்கே கொள்கை எல்லாம் சொல்லவில்லை, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035-இல் முடியும் பிழை எண் மட்டும். முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன. பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி முட்டி போய்விட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

வடபழனி வயர்மேன் – திங்கள், காலை 11:48

ரொம்ப சிம்பிள் சார். விண்டோஸ் 11-இல் குரூப் பாலிசிக்குப் போய், நெட்வொர்க், லேன்மேன் வொர்க்ஸ்டேஷன், அதில் 'இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்' என்பதை எனேபிள் பண்ணுங்கள். பழைய கணினியில் எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல். முடிந்தது. நான் போகிற எல்லாக் கடையிலும் இதுதான் செய்கிறேன்.

மயிலாப்பூர் லெட்ஜர் – திங்கள், மதியம் 1:05

வயர்மேன் சொன்னது 24எச்2 பதிப்புக்கு முன்னால் வரைக்கும் ஓடியது. இப்போது அது ஒன்று மட்டும் போதாது. விண்டோஸ் 11-இன் 24எச்2-இல் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் மூன்றிலும் எஸ்எம்பி சைனிங் கட்டாயம் என்று வைத்துவிட்டார்கள். அதாவது இரண்டு கணினிக்கும் நடுவே போகும் ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்டில் இருந்துதான் உருவாகிறது. கெஸ்ட்டாக வருபவருக்குப் பாஸ்வேர்டே கிடையாது, கையெழுத்துக்கு எங்கே போவார்? அதனால் கெஸ்ட்டைத் திறந்துவிட்டாலும் சைனிங்கையும் சேர்த்து அணைத்தால்தான் வேலை நடக்கும். பூட்டு இரண்டையும் கழற்றிவிட்டு அதைத் தீர்வு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மைக்கறை சார், உங்கள் பழைய கணினியில் 'பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயம் அணைந்துதான் இருக்கும். இத்தனை வருஷமும் உங்கள் டிசைன் கணினி உள்ளே போனது கெஸ்ட்டாகத்தான். புதுக் கணினி அப்படிப் போக மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். வயரிலும் கோளாறில்லை, விண்டோஸ் 7-இலும் கோளாறில்லை.

எஸ்எம்பி 1-ஐ உடனே திரும்ப எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்கே எஸ்எம்பி 2.1 தெரியும், எக்ஸ்பி மாதிரியான அரதப் பழசுக்குத்தான் 1 வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக. அதை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்தே எஸ்எம்பி 1 தானாக வருவதில்லை. கடைக்காரர்கள் இன்னும் அதையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

வடபழனி வயர்மேன் – திங்கள், மதியம் 1:30

லெட்ஜர் சார், ஆடிட்டர் ஆபீஸுக்கு நீங்கள் சொல்வது சரி. கடையில் நடப்பதைச் சொல்கிறேன். பாஸ்வேர்ட் வைத்துக் கொடுத்தால் பத்தாம் நாள் ராத்திரி போன் வரும்: "பாஸ்வேர்ட் கேட்குது அண்ணே, என்ன போடணும்?" எழுதி ஒட்டிவிட்டு வந்தால், வெள்ளை அடிக்கும்போது அந்தச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அந்த வேலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

மயிலாப்பூர் லெட்ஜர் – திங்கள், மதியம் 1:52

நியாயமான வருத்தம்தான். ஆனால் 'ரிமெம்பர் மை க்ரெடென்ஷியல்ஸ்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் அந்தக் கணினி மறுபடி கேட்காது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு முறை அடித்தால் போதும்.

செய்முறை இதோ, ஷேர் இருக்கும் கணினியில். புதிதாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்குங்கள், பெயர் சின்னதாக, இடைவெளி இல்லாமல். பாஸ்வேர்ட் கட்டாயம்: பாஸ்வேர்ட் காலியாக உள்ள கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, நேரில் உட்கார்ந்து லாகின் பண்ண மட்டும்தான் விடும். அப்புறம் பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். 'வேலை' ஃபோல்டரின் ஷேரிங் பெர்மிஷனில் எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு இந்தப் பயனரைப் போடுங்கள்.

முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் செக்யூரிட்டி என்று இன்னொரு டேப் இருக்கிறது, அதிலும் இதே பயனருக்கு மாடிஃபை உரிமை கொடுக்க வேண்டும். ஷேரிங்கில் ஒரு அளவு, செக்யூரிட்டியில் ஒரு அளவு என்று இருந்தால், நெட்வொர்க்கில் வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். "ஃபோல்டர் தெரிகிறது, திறக்கிறது, சேவ் பண்ண விடமாட்டேன் என்கிறது" என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த டேபைத்தான்.

புதுக் கணினியில் பயனர் பெயர் கேட்கும்போது பில்லிங் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அப்புறம் பயனர் பெயர் என்று சேர்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் தன் கணினியிலேயே அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

புரசை பொறி – திங்கள், மாலை 4:10

இதோடு ஒன்று. பின் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு "பாஸ்வேர்ட் தப்பு என்கிறது" என்பவர்கள் நிறைய. திரையைத் திறக்கும் நாலு இலக்க பின் அந்தக் கணினிக்கு மட்டும் சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது. லெட்ஜர் சொன்ன மாதிரி தனி லோக்கல் பயனர் வைத்துவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

முன்பே தப்பாக ஏதாவது அடித்து அது நினைவில் தங்கியிருந்தால், கண்ட்ரோல் பேனலில் க்ரெடென்ஷியல் மேனேஜருக்குப் போய் அதை நீக்கிவிட்டு ஒரு முறை சைன் அவுட் செய்துவிட்டு வாருங்கள். ஒரே கணினிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயரில் நுழைய விண்டோஸ் விடாது, 1219 என்று பிழை காட்டும்.

ரிச்சி தெரு வாடிக்கை – திங்கள், மாலை 5:35

மாடி லேப்டாப் பற்றி யாரும் பேசவில்லையே. சார், கீழே இருக்கும் கணினியிலும் லேப்டாப்பிலும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் அடித்து, ஐபிவி4 எண் என்ன என்று போடுங்கள். மாடியில் வைஃபை எங்கிருந்து வருகிறது?

மைக்கறை – திங்கள், இரவு 8:40

எல்லோருக்கும் நன்றி. பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங் அணைந்துதான் இருந்தது.

கீழே: 192.168.1.7. மாடி: 192.168.0.104. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று இன்டர்நெட் கம்பெனி ஆள் பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே மாட்டி, கீழிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார்.

ரிச்சி தெரு வாடிக்கை – திங்கள், இரவு 9:15

நினைத்தேன். இரண்டு எண்களில் மூன்றாவது இடத்தைப் பாருங்கள்: கீழே 1, மாடியில் 0. உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஓடுகிறது. கீழிருந்து வரும் வயரை மாடி ரவுட்டரில் 'இன்டர்நெட்' அல்லது 'WAN' என்று எழுதிய துளையில் செருகியிருப்பார். அப்படிச் செருகினால் அந்த ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். இன்டர்நெட் நன்றாக வரும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாடியில் இருந்து பெயர் அடித்தால் கிடைக்காது, ஆனால் \\192.168.1.7 என்று எண்ணை அடித்தால் பெரும்பாலும் கீழே போய்ச் சேர்ந்துவிடும். மாடி ரவுட்டர் அதை வெளியே போகும் போக்குவரத்தாக நினைத்து அனுப்பிவிடுகிறது. திரும்பக் கீழிருந்து மாடி லேப்டாப்புக்கு வர முயன்றால் கதவு மூடியிருக்கும். "அவனுக்கு என் ஃபோல்டர் தெரிகிறது, எனக்கு அவனுடையது தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் இந்த இரட்டை ரவுட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி செய்ய: மாடி ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. பழையது என்பதால் இல்லாமலும் இருக்கலாம். அப்போது அந்த ரவுட்டரின் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அந்த எண்ணை வேறு எதுவும் வைத்திருக்கக் கூடாது. பிறகு அதில் டிஎச்சிபியை, அதாவது மற்றக் கணினிகளுக்குத் தானாக எண் ஒதுக்கும் வேலையை, அணைத்துவிட்டு, வயரைப் பிடுங்கி சாதாரண லேன் துளையில் செருகுங்கள். இதே வரிசையில் செய்யுங்கள். டிஎச்சிபியை அணைக்காமல் வயரை மாற்றினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு எண் கொடுக்கும், கீழே இருக்கிற பில்லிங்கும் படுத்துவிடும்.

கெஸ்ட் வைஃபையில் லேப்டாப்பைச் சேர்த்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அதில் சேர்ந்த கருவிகள் உள்ளே இருக்கும் மற்ற கணினிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

புரசை பொறி – செவ்வாய், காலை 7:50

நெட்வொர்க் பக்கம் காலியாக இருக்கிறது என்று முதல் பதிவில் சொன்னீர்களே, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தப் பட்டியல் வேறு, உள்ளே போவது வேறு. வாசலில் பெயர்ப்பலகை இல்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. இருந்தும் பட்டியல் வேண்டும் என்றால், இரண்டு கணினியிலும் நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இல்லாமல் ப்ரைவேட் என்று இருக்கிறதா பாருங்கள். புதுக் கணினியை முதலில் வைஃபையில் சேர்க்கும்போது விண்டோஸ் 11 தானாக பப்ளிக் என்றுதான் வைக்கும். அப்புறம் சர்வீசஸில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' ஓட வேண்டும்.

என்னைக் கேட்டால் பட்டியலை விட்டுவிட்டு, ரவுட்டரில் பில்லிங் கணினிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி, மற்றக் கணினிகளில் அந்த எண்ணை வைத்து இசட் டிரைவாக மேப் செய்துவிடுங்கள். ஹோம்குரூப் என்று ஒன்று இருந்ததே, அதைத் தேடிப் பொழுதை வீணாக்க வேண்டாம், 2018-இலேயே விண்டோஸ் 10-இல் இருந்து எடுத்துவிட்டார்கள்.

மைக்கறை – செவ்வாய், மதியம் 3:30

புதுக் கணினியில் திறந்துவிட்டது! தனிப் பயனர், இரண்டு டேபிலும் உரிமை, அப்படியே செய்தேன். பழைய டிசைன் கணினியும் ஒரு முறை பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன், அமைதியாகிவிட்டது. எஸ்எம்பி 1-ஐ எடுத்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. மாடி ரவுட்டரை ராத்திரி பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. ஆல்பம் வேலை ஒன்று, ஃபைல் 2 ஜிபி இருக்கும். பழைய டிசைன் கணினிக்கு இழுக்க அரை நிமிஷம் கூட ஆகவில்லை. புதுசுக்கு மூன்று நிமிஷம். புதுசுதானே வேகமாக இருக்க வேண்டும்?

ரிச்சி தெரு வாடிக்கை – செவ்வாய், மதியம் 3:55

மூன்று நிமிஷம் என்றால் விநாடிக்கு 11, 12 எம்பி. அது அப்படியே 100 எம்பிபிஎஸ் இணைப்பின் உச்சம். கணினி மேல் பழி இல்லை, வயர் அல்லது சுவிட்ச் துளை. ஈதர்நெட் ப்ராப்பர்ட்டீஸில் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டும், பாருங்கள்.

ஜிகாபிட்டுக்கு வயரின் உள்ளே இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாகக் கடிக்காமல் கிரிம்ப் ஆகியிருந்தாலும் இணைப்பு அறுந்து போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டுக் கம்பியும் முனை வரை வந்து முட்டியிருக்க வேண்டும். ஒன்று பின்தங்கியிருந்தால் வெட்டிவிட்டு வேறு கிளிப் போடுங்கள். ரிச்சி தெருவில் வயர் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே நீல உறையில்தான் விற்கிறது, வளைத்தால் முறிந்துவிடும்.

மந்தவெளி பெங்குவின் – செவ்வாய், இரவு 10:20

எல்லாம் சரி, அந்த விண்டோஸ் 7-இலேயே முழு அச்சகத்தின் வேலையையும் வைத்திருப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2020 ஜனவரிக்குப் பிறகு அதற்குப் பாதுகாப்பு பேட்ச் கிடையாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 தான் கடைசி. ப்ளாட்டருக்காக 7-ஐ வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'வேலை' ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சாம்பாவும் போட்டால் போதும். சாம்பா 1991 கடைசியில் கான்பெர்ராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பியை அப்படியே பேசும், உங்கள் கணினிகளுக்கு வித்தியாசமே தெரியாது.

பத்திரிகை அடிப்பவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'தி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு த, இகரக் குறி என்று இரண்டு குறி, ஆக ஆறு பைட். 'திருமண அழைப்பிதழ்' என்று எழுதினாலே 49 பைட் போய்விடும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், 'கடைசித் திருத்தம் 3' எல்லாம் சேர்த்து ஃபைலுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தால் விண்டோஸில் ஓடும், ஏனென்றால் அங்கே 255 என்பது குறிகளின் எண்ணிக்கை. லினக்ஸுக்கு நகர்த்தும்போது அந்த ஃபைல்கள் மட்டும் வரமாட்டேன் என்று நிற்கும். கடையில் விற்கும் நாஸ், அதாவது நெட்வொர்க்கில் நேராக மாட்டும் டிஸ்க் பெட்டிகளும் பெரும்பாலும் உள்ளே லினக்ஸ்தான், அதே கதை.

வடபழனி வயர்மேன் – புதன், காலை 9:05

ஓ, அதனால்தானா! தி.நகரில் ஒரு ஸ்டுடியோவுக்கு நாஸ் மாட்டினபோது பாதி ஃபைல் காப்பி ஆகாமல் நின்றது. டிஸ்க் கெட்டது என்று கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

மயிலாப்பூர் லெட்ஜர் – புதன், காலை 9:40

அதே சமயம், நாலு கணினிக்கு லினக்ஸ் தேவையா என்று யோசியுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். புது விண்டோஸ் 11-க்கே ஃபோல்டரை மாற்றி, அது தூங்கப் போகாமல் பவர் செட்டிங்கில் நிறுத்திவிட்டால் போதும் என்பேன். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் அனுமதி, உங்களுக்கு அது தாராளம். எங்களைப் போல 30 பேர் இருக்கும் ஆபீஸுக்குத்தான் இடிக்கும்.

எங்கே வைத்தாலும் ஒன்றைத் தம்பியிடம் சொல்லி வையுங்கள்: ஷேரில் இருக்கும் ஃபைலை வேறு கணினியில் இருந்து டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேராகக் காலி. எங்கள் ஆபீஸில் ஒரு பையன், 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யும் கடைசி நாள், ஒரு வாடிக்கையாளரின் முழு ஃபோல்டரையும் தட்டிவிட்டு ரீசைக்கிள் பின்னைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகு பழைய வருஷக் கணக்குகள் எல்லாம் தனி ஷேர், படிக்க மட்டும் உரிமை. உங்களுக்கும் முடிந்த வேலைகளை அப்படிப் பிரித்து வைக்கலாம்.

பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்று. நிரந்தரமாக மாட்டியே வைக்காதீர்கள், ரான்சம்வேர் வந்தால் ஷேரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். காப்பி எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருமா தெரியாது, வரும் என்றால் கணினியையும் தரையில் வைக்காதீர்கள்.

புரசை பொறி – புதன், காலை 10:15

யுபிஎஸ்ஸில் கணினியை மட்டும் மாட்டிவிட்டு ரவுட்டரையும் சுவிட்சையும் சாதாரண ப்ளக்கில் விடுபவர்கள் உண்டு. கரண்ட் சிமிட்டினால் கணினி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் நெட்வொர்க் போய்விடும். ஷேரில் இருந்து நேராகத் திறந்து வேலை செய்துகொண்டிருந்த ஃபைல் பாதி சேவில் மாட்டிக்கொள்ளும். மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

மைக்கறை – வியாழன், மாலை 6:45

மாடி ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இல்லை. வாடிக்கை சொன்ன வரிசையில் எண்ணை மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, வயரை மாற்றிச் செருகினேன். தம்பி இப்போது மேலே இருந்தே 'வேலை'யைத் திறக்கிறான். வயர் கிளிப்பில் பழுப்புக் கம்பி ஒன்று உள்ளேயே தங்கியிருந்தது. புதுக் கிளிப் அடித்ததும் அதே ஆல்பம் ஃபைல் இருபது விநாடிக்கு வந்துவிட்டது. ஃபோல்டரை ஞாயிற்றுக்கிழமை விண்டோஸ் 11-க்கு மாற்றப் போகிறேன், லினக்ஸ் பிறகு பார்க்கலாம்.

ஆனால் ஒன்று பாக்கி. செராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்தால் நேராகப் பில்லிங்கில் ஒரு ஃபோல்டரில் விழும். நேற்றிலிருந்து அது விழவில்லை.

மயிலாப்பூர் லெட்ஜர் – வியாழன், இரவு 7:20

அதுவும் கெஸ்ட்டாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கும். மிஷினின் அட்ரஸ் புக்கில் அந்த ஃபோல்டருக்கான பதிவைத் திறந்து புதுப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பாருங்கள். ஸ்கேன் விழும் ஃபோல்டருக்கும் அந்தப் பயனருக்கு உரிமை கொடுத்தீர்களா என்று ஒரு பார்வை. விண்டோஸ் 7-இல் இருக்கும் வரை இது போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் ஃபோல்டரை மட்டும் 11-க்கு மாற்றாதீர்கள். பழைய மிஷின்கள் சிலதுக்கு எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது, மாற்றினால் நின்றுவிடும். மெனுவில் ஸ்கேன் டு எஃப்டிபி அல்லது ஸ்கேன் டு மெயில் இருக்கிறதா என்று பார்த்து, மாடல் எண்ணோடு இங்கே போடுங்கள்.